கதைக்கு வெளியே ஆடியவர்கள்: நிக்கோலஸ் சகோதரர்களின் திரைவாழ்வு

1943இல் வெளிவந்த 'ஸ்டார்மி வெதர்' என்ற அமெரிக்கப் படத்திலிருந்து ஒரு நடனத் துண்டு இணையத்தில் அடிக்கடி வலம் வருகிறது. கோட்டும் சூட்டும் அணிந்த இரண்டு கறுப்பின இளைஞர்கள் இசைக்குழுவின் மேடைகள்மீது தாவித் தாவி ஆடுகிறார்கள். பிறகு ஒரு பெரிய வெள்ளைப் படிக்கட்டில், ஒருவர் தலைக்கு மேலாக மற்றவர் குதித்து, கால்களை முன்னும் பின்னும் விரித்தபடி படிப்படியாக விழுந்து எழுந்து இறங்குகிறார்கள். பார்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். இவர்கள் யார்? இவ்வளவு ஆடத் தெரிந்தவர்கள் கதாநாயகர்களாக நடித்த படங்கள் எங்கே?

முதல் கேள்விக்கு விடை எளிது. அண்ணன் ஃபயார்டு நிக்கோலஸ், தம்பி ஹரால்டு நிக்கோலஸ். இரண்டாவது கேள்விக்கு விடை: அப்படிப் படங்களே இல்லை. இனவெறிதான் காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த இனவெறி படத்தின் கட்டுமானத்துக்குள் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான், எந்த ஏற்பாடு அவர்களைத் திரைக்குக் கொண்டுவந்ததோ அதே ஏற்பாடுதான் அவர்களைக் கதைக்கு வெளியே நிறுத்தியது என்பது புரியும்.

டேப் நடனம்: காலே தாளக்கருவி

டேப் நடனக்காரரின் காலணியில், முன்பாதத்துக்கு அடியில் ஒரு உலோகத் தகடும் குதிகாலுக்கு அடியில் ஒன்றும் பொருத்தப்பட்டிருக்கும். குதிகால் தகடு கனத்த ஒலியையும் முன்தகடு கூர்மையான ஒலியையும் தரும். நம் நடனங்களில் கால் தட்டும்போது சலங்கை மணிகள் சேர்ந்து ஒலிக்கும். டேப்பில் ஒவ்வொரு ஒலியும் தனித்தனியாக, பாதத்தின் எந்தப் பகுதி எந்தக் கணத்தில் தரையைத் தொட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். பாதத்தை முன்னே வீசி உரசி, உடனே பின்னே இழுத்து உரசினால் இரண்டு ஒலிகள் பிறக்கும். இதற்கு 'ஷஃபிள்' என்று பெயர். இத்தகைய சிறு அசைவுகளைக் கோத்துத்தான் நீண்ட தாளக்கட்டுகளை அமைக்கிறார்கள்.

இந்தக் கலையின் வேரில் இரண்டு மரபுகள் இருக்கின்றன. ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் தாளம். 1739இல் தென் கரோலினாவில் நடந்த ஸ்டோனோ கிளர்ச்சிக்குப் பிறகு, அடிமைகள் பறை முதலிய கருவிகளை முழக்கக் கூடாது என்று அங்கே 1740இல் சட்டம் வந்தது. பறையைப் பறித்த பிறகும் தாளம் கையிலும் தொடையிலும் பாதத்திலும் உயிரோடு இருந்தது. மற்றொன்று, அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் 'ஜிக்' நடனமும், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதித் தொழிலாளர்கள் மரக்காலணியோடு ஆடிய நடனமும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் இவை ஒன்றையொன்று பார்த்துக் கலந்தன. உலோகத் தகடுகள் பரவலானது 1920களில்தான்.

பயிற்சிப் பள்ளி இல்லாத பயிற்சி

ஃபயார்டு 1914இல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரிலும், ஹரால்டு 1921இல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்திலும் பிறந்தார்கள். தந்தை யுலிசிஸ் டிரம்ஸ் வாசிப்பவர், தாய் வயோலா பியானோ வாசிப்பவர். ஃபிலடெல்பியாவின் ஸ்டாண்டர்டு தியேட்டரில் தங்களுடைய குழுவை நடத்தினார்கள். அந்த அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்து, வந்துபோன ஆட்டக்காரர்களைப் பார்த்தே ஃபயார்டு ஆடக் கற்றார். முறையான வகுப்பு எதற்கும் அவர் போனதில்லை. கற்றதைத் தம்பிக்கும் தங்கை டொரத்திக்கும் சொல்லிக்கொடுத்தார். மூவராகத் தொடங்கிய குழு விரைவில் இருவரானது.

மற்றவர்களைப் போல ஆடாதே, காலைப் பார்த்து ஆடாதே, அவையைப் பார்த்து ஆடு என்று தந்தை சொன்னதை ஃபயார்டு கடைசிவரை நினைவில் வைத்திருந்தார். அதன் பலன் அவருடைய கைகளில் தெரிகிறது. டேப் ஆடுபவர்களில் பலருக்குக் கைகள் சமநிலைக்காக மட்டும் இருக்கும். ஃபயார்டின் கைகளோ கால் சொல்லும் தாளத்துக்குக் காற்றில் உருவம் வரைந்துகொண்டே இருக்கும்.

1932இல், ஹரால்டுக்கு 11 வயதாக இருந்தபோது, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பில் ஆடத் தொடங்கினார்கள். மேடையில் ஆடுபவர்கள் கறுப்பினத்தவர்கள், மேசைகளில் அமர்ந்து பார்ப்பவர்கள் வெள்ளையர்கள் என்பது அந்த விடுதியின் ஒழுங்கு. அதே ஆண்டில் 'பை, பை பிளாக்பேர்ட்' என்ற குறும்படத்தில் தோன்றினார்கள். 1934இல் 'கிட் மில்லியன்ஸ்' படத்துக்காக ஹாலிவுட் அழைத்தது.

ஒலி பின்னால் வரும்

திரையில் கேட்கும் டேப் ஒலி, பார்க்கும் அந்தக் கணத்தில் பதிவானது என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களின் வழக்கம் வேறு:

1. இசை முதலில் தனியாகப் பதிவு செய்யப்படும்.
2. படப்பிடிப்புத் தளத்தில் அந்த இசையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதற்கு ஆடுவதைப் படம் பிடிப்பார்கள். இசை முழங்கிக்கொண்டிருக்கும்போது கால் ஒலியைத் தெளிவாகப் பிரித்துப் பதிய முடியாது.
3. பிறகு ஆடியவர் ஒலிப்பதிவு அறைக்கு வந்து, திரையில் தன்னையே பார்த்துக்கொண்டு, காதில் இசையைக் கேட்டுக்கொண்டு, காலொலியை மறுபடியும் ஆடிப் பதிவார்.

ஆக, ஒரு நல்ல டேப் காட்சிக்கு ஒரே ஆட்டத்தை இருமுறை, துளி பிசகாமல் ஆடவேண்டும்: முதலில் கண்ணுக்காக, பிறகு காதுக்காக. மேடையில் கைதட்டல் வாங்கிய எத்தனையோ பேரில் திரைக்குத் தேறியவர்கள் குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

கழற்றி எடுக்கத்தக்க காட்சி

இனி நடுப்புள்ளிக்கு வரலாம். 1930கள், 40களின் இசைப்படங்களில் 'ஸ்பெஷாலிட்டி' என்றொரு வகைக் காட்சி உண்டு. கதை ஒரு விடுதிக்கோ நாடக அரங்குக்கோ வந்து சேரும். அங்கே ஒரு ஆட்டக்காரர் வருவார், மூன்று நான்கு நிமிடம் ஆடுவார், போய்விடுவார். கதையில் அவருக்குப் பெயர் இருக்காது. யாரையும் காதலிக்க மாட்டார். யாரும் அவரைத் தேட மாட்டார்கள். வெள்ளை ஆட்டக்காரர்களுக்கும் இத்தகைய காட்சிகள் உண்டு. ஆனால் அவர்களுக்கு அது முதல் படி. நன்றாக ஆடினால் அடுத்த படத்தில் வசனம், அதற்கடுத்த படத்தில் வேடம் என்று ஏறிப்போகலாம். கறுப்பினக் கலைஞர்களுக்கோ அந்த முதல் படிக்கு மேல் படியே கட்டப்படவில்லை.

இந்த வடிவம் தயாரிப்பாளர்களுக்கு ஏன் இவ்வளவு வசதியாக இருந்தது என்பதைச் சட்டம், வணிகம், கத்தரிக்கோல் ஆகிய மூன்றும் சேர்ந்து விளக்குகின்றன.

1. திரைப்படம் என்பது வணிகம்தான், அரசியல் சட்டம் பாதுகாக்கும் பேச்சுரிமைக்குள் அது வராது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல் தீர்ப்பளித்தது. 1952இல்தான் இந்த நிலை மாறியது. இடைப்பட்ட காலம் முழுவதும் மாநிலங்களும் நகரங்களும் தத்தமக்கென்று தணிக்கைக் குழுக்கள் வைத்துப் படங்களை வெட்டமுடிந்தது. டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைக் குழு, கறுப்பினக் கலைஞர்கள் வரும் காட்சிகளை நீக்குவதில் பேர்போனது.

2. தென் மாநிலங்கள் பெரிய சந்தை. அங்கே அரங்குகளிலும் இனப்பிரிவினை இருந்தது. கறுப்பினத்தவர்கள் வெள்ளையர்களோடு சமமாக நின்று பேசுவதைத் திரையில் காட்டினால் படம் ஓடாது என்று ஸ்டுடியோக்கள் அஞ்சின. ஹாலிவுட்டின் சொந்தத் தயாரிப்பு விதிகளே வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதலையும் மணத்தையும் திரையில் காட்டத் தடை விதித்திருந்தன. இசைப்படத்தில் கதாநாயகன் ஆடுவதே காதலைச் சொல்லத்தான். அப்படியிருக்க, காதலிக்க அனுமதியில்லாதவர் எப்படிக் கதாநாயகன் ஆவார்?

3. படச்சுருளை வெட்டி ஒட்டுவது சில நிமிட வேலை. ஆனால் வெட்டிய இடத்தில் கதை தடுமாறினால் பார்வையாளர்கள் சத்தம்போடுவார்கள். கதையோடு ஒட்டாத காட்சியாக இருந்தால் வெட்டிய தடமே தெரியாது.

இதை ஏட்டளவில் சொல்வதைவிட 1941இல் வந்த 'சன் வேலி செரினேட்' படத்தைப் பார்ப்பது நல்லது. அதில் கிளென் மில்லர் இசைக்குழு, சட்டனூகாவுக்குப் போகும் ரயிலைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டை வாசிக்கிறது. வெள்ளைப் பாடகர்கள் பாடி முடிக்கிறார்கள். பாட்டு அங்கேயே நிறைவடைந்துவிடுகிறது. அதன் பிறகு ரயில் பெட்டி அமைக்கப்பட்ட ஒரு அரங்கில் நிக்கோலஸ் சகோதரர்களும் நடிகை டோரத்தி டாண்ட்ரிட்ஜும் அதே பாட்டைத் தங்கள் பாணியில் பாடி ஆடுகிறார்கள். படத்தின் உயிரே அந்த இரண்டாம் பாதிதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதை நீக்கினாலும் பாட்டு முழுமையாகவே இருக்கும். மறு ஆண்டு வந்த 'ஆர்கெஸ்ட்ரா வைவ்ஸ்' படத்திலும் இதே வார்ப்பு: முதலில் இசைக்குழுவின் பாடகர்கள், அது முடிந்ததும் சகோதரர்கள். ஹரால்டு சுவரில் ஓடியேறி, பின்புறமாகக் குட்டிக்கரணம் போட்டு, விரித்த கால்களோடு தரையில் வந்து இறங்குவது இந்தப் படத்தில்தான். எம்.ஜி.எம் ஸ்டுடியோவின் படங்களில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் தனியே வந்து பாடிவிட்டுப் போகும் காட்சிகளும் இதே அச்சில் வார்த்தவைதான்.

சகோதரர்களின் புகழுக்குக் குறைவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1940இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் 'டவுன் அர்ஜென்டைன் வே' வெளியானபோது, அவர்களுடைய காட்சி முடிந்ததும் அவை எழுப்பிய ஆரவாரத்தில் சில அரங்குகளில் சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி ஓட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. அதன் பிறகு ஃபாக்ஸ் அவர்களோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டது. அங்கே நடன அமைப்பாளர் நிக் காஸில் அவர்களுடைய உடல் என்னென்ன செய்யும் என்று அறிந்து, அதற்கேற்ற சவால்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஒப்பந்தம் கிடைத்தது, பணம் கிடைத்தது, நிமிடங்கள் கிடைத்தன. கதை மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு ஒப்பீடு இங்கே உதவும். வெள்ளை ஆட்டக்காரரான ஃப்ரெட் அஸ்டேர் 1933இல் திரைக்கு வந்தபோது அவருக்கு 34 வயது. ஜிஞ்சர் ராஜர்ஸோடு பத்துப் படங்கள் ஆடினார். அந்தப் படங்களில் ஊடலும் இணக்கமும் நடனத்தின் வழியேதான் நிகழும். நடனத்தை நீக்கினால் கதையே நின்றுவிடும். தலைமுதல் கால்வரை உடல் முழுவதும் திரைச்சட்டகத்துக்குள் தெரியவேண்டும், இடையில் வெட்டுகள் குறைவாக இருக்கவேண்டும் என்று அவர் வலியுறுத்த முடிந்ததற்கு, படமே அவர்மீது நின்றதுதான் காரணம். அவர் மேதை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மேதைமை எங்கே நின்று வெளிப்பட வாய்த்தது என்பதும் அந்த வரலாற்றின் பாதி.

இன்னொரு ஒப்பீடு கசப்பானது. 1935இல் வந்த 'தி லிட்டில் கர்னல்' படத்தில் கறுப்பின ஆட்டக்காரர் பில் ராபின்சன், வெள்ளைச் சிறுமி ஷிர்லி டெம்பிளோடு மாடிப்படியில் ஆடினார். கறுப்பினத்தவர் ஒருவரும் வெள்ளையர் ஒருவரும் ஹாலிவுட்டில் இணையாக ஆடிய முதல் காட்சியாக அது கருதப்படுகிறது. ராபின்சனுக்கு அப்போது 56 வயது, டெம்பிளுக்கு ஆறு. அவருக்குத் தரப்பட்டது வேலைக்காரர் வேடம். முதியவரும் குழந்தையும் என்பதால்தான் அந்த இணை அனுமதிக்கப்பட்டது. நிக்கோலஸ் சகோதரர்களுக்கு நேர்ந்ததையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம்: சிறுவர்களாக இருந்தவரை அவர்கள் வெள்ளை அவைக்கு இனிய வியப்பு, அழகான, நன்றாக உடுத்திய, தன்னம்பிக்கை மிக்க இளைஞர்களாக வளர்ந்ததும் அவர்களைக் கதைக்குள் எங்கே நிறுத்துவது என்று ஹாலிவுட்டுக்குத் தெரியவில்லை.

அந்தப் படிக்கட்டு

'ஸ்டார்மி வெதர்' விதிவிலக்கு. 1943இல் பெரிய ஸ்டுடியோக்களிலிருந்து கறுப்பினக் கலைஞர்களே முழுமையாக நடித்த இரண்டு இசைப்படங்கள் வந்தன, எம்.ஜி.எம் தயாரித்த 'கேபின் இன் தி ஸ்கை' ஒன்று, ஃபாக்ஸ் தயாரித்த இது மற்றொன்று. பில் ராபின்சனும் லீனா ஹார்னும் முதன்மை வேடங்களில் நடித்தார்கள். கேப் காலோவே, ஃபேட்ஸ் வாலர், கேதரின் டன்ஹாம் குழு என்று ஒரு தலைமுறையின் பெரும் கலைஞர்கள் ஒரே படத்தில் திரண்டார்கள். நிக்கோலஸ் சகோதரர்கள் இங்கேயும் ஒரே ஒரு காட்சிக்குத்தான் வருகிறார்கள். ஆனால் படம் உச்சத்தை எட்டும் இடத்தில் வருகிறார்கள்.

அந்தப் படிக்கட்டு இறக்கத்தை முன்கூட்டி ஒத்திகை பார்க்கவேண்டாம், நேரே ஆடிவிடுங்கள் என்று நிக் காஸில் சொன்னதாகவும், ஒரே முயற்சியில் படம்பிடித்து முடித்ததாகவும் ஃபயார்டு பின்னாளில் நினைவுகூர்ந்தார். தான் பார்த்த இசைப்படக் காட்சிகளில் இதுவே தலைசிறந்தது என்று அஸ்டேர் தங்களிடம் சொன்னதாகவும் சகோதரர்கள் கூறியிருக்கிறார்கள்.

கால்களை முழுவதும் விரித்துத் தரையில் விழுவது கடினம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. உண்மையில் அதைவிடப் பன்மடங்கு கடினமானது எழுவதுதான். கையைத் தரையில் ஊன்றாமல், இரண்டு தொடைகளின் உள்தசைகளாலேயே உடலை இழுத்து நிமிர்த்தி, அடுத்த தாளம் விழுவதற்குள் நின்றுவிடவேண்டும். அப்படி எழும்போது முகத்தில் திணறல் தெரியவே கூடாது. வித்தை காட்டும் ஆட்டத்தை அமெரிக்கர்கள் 'ஃபிளாஷ்' என்பார்கள். அந்தப் பெயரைச் சகோதரர்கள் விரும்பவில்லை. தங்கள் பாணியை 'கிளாசிக்கல் டேப்' என்றே ஃபயார்டு அழைத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தாவல் முடிந்த கணத்தில் கால் மறுபடி தாளத்துக்குள் வந்துவிடுகிறது; வித்தை தாளத்தை உடைக்கவில்லை, அதன் ஒரு சொல்லாகவே இருக்கிறது. இந்த ஆட்டத்துக்கு உடல் கொடுத்த விலையும் சிறிதல்ல. பிற்காலத்தில் ஃபயார்டுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது.

'தி பைரேட்': சேர்ந்து ஆடியும் வெட்டு நீங்கவில்லை

1948இல் வெள்ளை நடிகரும் ஆட்டக்காரருமான ஜீன் கெல்லி தன்னுடைய 'தி பைரேட்' படத்தில் இவர்களோடு கோமாளிப் பாட்டு ஒன்றுக்குச் சேர்ந்து ஆடினார். மூவரும் ஒரே திரைச்சட்டகத்துக்குள், ஒரே அசைவுகளோடு ஆடுகிறார்கள். எம்.ஜி.எம் படத்தின் நாயகன் ஒருவர் கறுப்பின ஆட்டக்காரர்களோடு தோளோடு தோள் நின்று ஆடியது பெரிய செய்திதான். தென் மாநில நகரங்கள் சிலவற்றில் அந்தக் காட்சி வெட்டப்பட்டது.

வெட்டியும் படம் ஏன் குலையவில்லை? அதே பாட்டு படத்தின் முடிவில் இன்னொரு முறை வருகிறது. அப்போது கெல்லியோடு ஆடுபவர் படத்தின் நாயகி ஜூடி கார்லண்ட். திட்டமிட்டு இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. முடிவில் பாட்டைத் திருப்பிப் பாடுவது இசைப்படங்களின் வழக்கம். ஆனால் விளைவைப் பாருங்கள். சகோதரர்கள் ஆடிய பகுதி போனாலும் பாட்டு போகவில்லை. ஹாலிவுட்டின் அந்தப் பொற்காலத்தில் இருவரும் சேர்ந்து ஆடிய கடைசிப் படம் இது.

ஆட்டம் ஏன் நின்றது

அவர்களுடைய கால்கள் சோர்ந்துவிடவில்லை. 1948இல் ஹரால்டுக்கு 27 வயதுதான். காலடியில் இருந்த தரை மாறிக்கொண்டிருந்தது.

1. 1943இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறிய 'ஓக்லஹோமா!' நாடகத்தின் வெற்றிக்குப் பிறகு, இசை நாடகங்களில் பாலே சார்ந்த நடனம் முன்னுக்கு வந்தது. திரையும் அதைப் பின்தொடர்ந்தது.
2. 1944இல் ஆட்டமும் பாட்டும் நடக்கும் விடுதிகள்மீது மத்திய அரசு கடுமையான வரி விதித்தது. வெறும் கருவியிசைக்கு அந்த வரி இல்லை. விடுதிகள் ஆட்டக்காரர்களைக் கைவிட்டன.
3. பெரிய இசைக்குழுக்கள் கலைந்தன. ஆடுவதற்கென்று இல்லாமல் உட்கார்ந்து கேட்பதற்கான ஜாஸ் வளர்ந்தது.
4. 1948இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஸ்டுடியோக்களைத் தங்கள் சொந்தத் திரையரங்குகளிலிருந்து பிரித்தது. தொலைக்காட்சியும் சேர்ந்துகொள்ள, இசைப்படங்களுக்குக் கொட்டிய பணம் மெல்ல வற்றியது.

டேப் ஆடிய எல்லோரையும் இது பாதித்தது. ஆனால் அஸ்டேரும் கெல்லியும் நடிகர்களாகவும் அறியப்பட்டிருந்ததால் வேறு வேடங்களுக்கு நகர முடிந்தது. நடனக் காட்சிக்கு மட்டுமே அழைக்கப்பட்டவர்களுக்கு, நடனக் காட்சி போனால் எல்லாமே போயிற்று. சகோதரர்கள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். ஹரால்டு பல ஆண்டுகள் பாரிஸிலேயே தங்கிப் பாடினார், ஆடினார்.

அங்கீகாரம் தாமதமாக வந்தது. 1989இல் 'பிளாக் அண்ட் புளூ' என்ற பிராட்வே நிகழ்ச்சியின் நடன அமைப்புக்காக ஃபயார்டு மேலும் மூவரோடு சேர்ந்து டோனி என்ற நாடக விருதைப் பெற்றார். 1991இல் இருவருக்கும் கென்னடி மையத்தின் கௌரவம் கிடைத்தது. ஹரால்டு 2000இலும் ஃபயார்டு 2006இலும் காலமானார்கள்.

பார்க்கும்போது கவனிக்க

இணையத்தில் சுற்றும் துண்டுகளில் பெரும்பாலும் பெயர்கூட இருப்பதில்லை. கழற்றி எடுக்க வசதியாகச் செய்த காட்சி, இப்போதும் கழற்றப்பட்டே உலவுகிறது. முடிந்தவர்கள் 'ஸ்டார்மி வெதர்' படத்தை முழுவதும் பார்க்கலாம். ஒன்றேகால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும் படம்தான். முதல் முறை தாவல்களைப் பார்ப்போம், அது இயல்பு. இரண்டாம் முறை ஃபயார்டின் கைகளை மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை, படிக்கட்டில் ஒவ்வொரு விழுதலுக்கும் அடுத்த விழுதலுக்கும் இடையே அவர்கள் எழுந்து நிற்கும் அந்த அரை நொடியை. தரையில் ஒரு கைகூட ஊன்றப்படுவதில்லை.